ஜிப் மாட்டிய சனிக்கிழமை

ஸுல்மாவின் துணிக்கடைக்குள் நிபியா நுழைந்தது ஒரு கறுப்புப் பாவாடை வாங்க. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். இருக்கிற பாவாடைக்கு இடுப்பு போதவில்லை. அவ்வளவுதான் விஷயம். சாந்தா ரூஃபினாவில் இருப்பது ஒரே உயர்நிலைப் பள்ளி, அதில் ஒரே கணக்கு டீச்சர் அவள். சாம்பல், கருநீலம், கறுப்பு என்ற மூன்று நிறங்களுக்கு வெளியே அவளைப் பார்த்தவர்கள் அந்தக் கடற்கரை ஊரில் யாருமில்லை.

"கறுப்பு உள்ள இருக்கு, எடுத்துத் தரேன்," என்றாள் ஸுல்மா. "அதுக்கு முன்னாடி இதைப் போட்டுப் பாரு."

"இதையா? பரங்கிப்பூவை அரைச்சு ஊத்தின மாதிரில்ல இருக்கு!"

"ஆமா. போடு."

"எனக்கு நாப்பத்தெட்டு வயசுடீ."

"கவுனுக்கு அது தெரியாது. போடுடீ."

இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஸுல்மாவோடு வாதாடுவதைவிடக் கவுனைப் போட்டுக் கழற்றிவிடுவது சுலபம் என்பது நிபியாவுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் போனாள், போட்டாள், ஸுல்மா வந்து முதுகில் ஜிப்பை ஏற்றிவிட்டாள். நிபியா கண்ணாடியைப் பார்த்தாள். பார்த்ததும், தன் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து ஒரு கணம் திரும்பிக்கூடப் பார்த்துவிட்டாள்.

யாருமில்லை. கண்ணாடியில் இருந்தது அவள்தான்.

வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. மெல்ல ஒரு சுற்று சுற்றினாள். பாவாடை அகலமாக விரிந்து, ஓரத்தில் மாட்டியிருந்த கழுத்துத் துணிகளையெல்லாம் கீழே தள்ளியது. இன்னொரு சுற்று சுற்றினாள். தொப்பி ஸ்டாண்டு விழுந்தது.

"கடையை இடிச்சிடாதடீ!" என்று ஸுல்மா கத்தினாள்.

"சரி, போதும். கழட்டு. கறுப்பைக் கொண்டா."

ஸுல்மா ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி இழுத்தாள். குனியச் சொல்லி இழுத்தாள். கடைசியில் நிபியாவின் இடுப்பில் முழங்காலை ஊன்றி இழுத்தாள். உள் துணி பல்லுக்கிடையில் சிக்கி, ஜிப் தோள்பட்டைகளுக்கு நடுவே கல்லாகச் சமைந்துவிட்டது.

"தலை வழியா உருவு."

"மார்பு விடாது."

"அப்ப வெட்டு."

"வெட்டறதா? நானே உக்காந்து தைச்சதுடீ! கையை வெட்டினாலும் வெட்டுவேன், இதை வெட்ட மாட்டேன். வா, மிர்த்தா கிட்ட போவோம். சோப்பு தேய்ச்சா வழுக்கும்."

எதிர்ச்சாரியில் இருந்தது மிர்த்தாவின் சோப்புக்கடை. நடுவில் ஒரு தெருதான், ஆனால் சனிக்கிழமை பிற்பகலின் தெரு. பாதி ஊர் வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மாத்தே என்ற கசப்புத் தேநீரைக் குவளையிலிருந்து உறிஞ்சியபடி கடை கடையாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிற நேரம். அது போதாதென்று கடல் காற்று வேறு. நிபியா வாசலைத் தாண்டியதும் பாவாடை குடையாக எழும்பியது. இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்தாள்; முன்னால் அமுக்கினால் பின்னால் எழுந்தது.

சைக்கிளில் போன இரண்டு மாணவிகள் பிரேக் பிடித்தார்கள்.

"டீச்சர்! யாருக்குக் கல்யாணம்?"

"திங்கக்கிழமை டெஸ்ட்!" என்று நிபியா கத்தினாள்.

"கவுன் சூப்பர் டீச்சர்! டெஸ்டைத் தள்ளிப் போடுங்க டீச்சர்!"

மிர்த்தா ஒரு காலத்தில் நிபியாவிடம் படித்தவள், கணக்கில் இரண்டு முறை தோற்றவள். டீச்சரின் முதுகு தன் கைக்கு வந்து சேர்ந்ததில் அவளுக்கு ஏக மகிழ்ச்சி. லாவெண்டர் சோப்பை எடுத்துத் தேய்த்தாள். நகரவில்லை. ஆரஞ்சுத் தோல் போட்ட சோப்பைத் தேய்த்தாள். அதுவும் பலிக்கவில்லை. தேன்மெழுகுக் கட்டியையும் தேய்த்துப் பார்த்தாள். ஜிப் இருந்த இடத்திலேயே இருக்க, நிபியா மட்டும் ஒரு பூந்தோட்டம் மாதிரி மணக்க ஆரம்பித்தாள்.

"டீச்சர், கூசுதா?"

"கூசுதுடீ! விடு! ஐயோ, விடு!" நிபியா சிரித்துச் சிரித்துக் கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஸுல்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யமாந்து கிட்ட மூக்குக்கண்ணாடி ரிப்பேர் பண்ற குட்டிக் குறடு இருக்கு," என்றாள் மிர்த்தா மூச்சு வாங்கியபடி. "அது சிக்கின துணியைப் பிடிச்சு இழுத்துடும். இருங்க, நானும் வரேன். இதை நான் பாக்காம விட மாட்டேன்."

யமாந்துவின் புத்தகக்கடை தெருமுனையில் இருந்தது. மூவரும் கைகோத்துக்கொண்டு போனார்கள். நிபியாவின் பாவாடையை ஸுல்மா முன்புறமும் மிர்த்தா பின்புறமும் பிடித்துக்கொண்டதில், பார்ப்பதற்கு ஏதோ ஊர்வலம் போலவே இருந்தது.

புத்தகக்கடைக்குள் அன்று வேறு ஒரு கலவரம் நடந்துகொண்டிருந்தது. ஆ. லெதெஸ்மா என்ற கவிஞர் தலைநகர் மொந்தேவிதேயோவிலிருந்து வந்து கவிதை வாசிப்பதாக ஏற்பாடு. அலமாரிகளுக்கு நடுவே நாற்காலி போட்டாயிற்று. பக்கத்து ஊர் வாசகர் மன்றத்துப் பெண்மணிகள் தனி வேன் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாயிற்று. கவிஞர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. யமாந்து நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, "இதோ வந்துடுவாங்க, இதோ," என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. காற்று ஒரு தள்ளு தள்ள, பரங்கிப்பூ நிறத்தில் நிபியா உள்ளே வந்து விழுந்தாள். பின்னாலேயே பாவாடை தாங்கிய இரண்டு பெண்கள்.

முன்வரிசை எழுந்து நின்று கை தட்டியது. அவளைத் தெரியாத வெளியூர்க்காரர்கள் கவிஞர்தான் வந்துவிட்டார் என்று நினைத்து உண்மையாகவே தட்டினார்கள். தெரிந்த உள்ளூர்க்காரர்கள் அவர்களைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

யமாந்து ஓடிவந்தார். "டீச்சர், உங்களைக் கடவுள்தான் அனுப்பிச்சார். ஒரு பத்து நிமிஷம் எதையாவது பேசுங்க."

"எனக்குக் குறடு வேணும்."

"குறடு என்ன, கடையையே தரேன். முதல்ல பேசுங்க!"

யார் தள்ளினார்கள் என்று தெரியவில்லை, ஸுல்மாவாகத்தான் இருக்கும். நிபியா மைக் முன்னால் நின்றாள். அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. அவள் வாழ்க்கையில் பொய் சொன்னவள் இல்லை. இப்போது தொடங்கவும் தெரியவில்லை. தொண்டையைச் செருமினாள்.

"நான் கவிஞர் இல்லை," என்றாள்.

ஒரு பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

"நான் கணக்கு டீச்சர்."

"ஆஹா," என்றது ஒரு குரல்.

"ஒரு கறுப்புப் பாவாடை வாங்க வந்தேன். இந்த உடுப்புக்குள்ள மாட்டிக்கிட்டேன். வெளியே வர முடியலை."

முன்வரிசையில் ஒருத்தி கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நாம எல்லாருமே மாட்டிக்கிட்டுதானே இருக்கோம்!" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கைதட்டல் எழுந்தது.

"இல்ல, நிஜமாவே சொல்றேன்," என்று பதறினாள் நிபியா. "ஜிப்பு! முதுகுல! எனக்கு எட்டலை!"

இன்னும் பெரிய கைதட்டல். அலமாரிக்குப் பின்னால் மிர்த்தா வாயில் கையை வைத்து அடைத்துக்கொண்டு குலுங்குவது தெரிந்தது. அதைப் பார்த்ததும் நிபியாவுக்குள் ஏதோ ஒன்று கட்டவிழ்ந்தது. போகட்டும் என்று நடந்ததையெல்லாம் நடந்தபடியே சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடியில் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்ததைச் சொன்னாள். காற்றை, சைக்கிளை, சோப்பை, கூச்சத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்தது, நிறுத்தி நிறுத்திச் சிரித்தாள். அவள் நிறுத்திய இடங்களிலெல்லாம் அவர்கள் தட்டினார்கள். கரும்பலகை முன்னால் நின்று எத்தனையோ வருஷம் பேசியிருக்கிறாள். ஒருவராவது ஆஹா சொன்னதில்லை.

முடித்ததும் பெண்மணிகள் சூழ்ந்துகொண்டார்கள். "உங்க புத்தகம் எங்கம்மா? கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எனக்குப் புத்தகமே கிடையாதுங்க. ஆனா இருங்க..." நிபியா நேராக மூலை அலமாரிக்குப் போனாள். வடிவக்கணிதப் புதிர்கள் அடங்கிய ஒரு மெலிந்த புத்தகம் அங்கே தூசி படிந்து கிடந்தது. யமாந்து தெரியாமல் நிறைய வாங்கிப்போட்டு, விற்க வழியில்லாமல் வைத்திருந்தது. "இதைப் படிங்க. பதினேழாவது பக்கத்துல ஒரு வட்டம் இருக்கு. அதைப் போட்டு முடிச்சதும் எழுந்து ஆடணும்னு தோணும். எனக்குத் தோணிச்சு. ஆடினேன்."

ஒன்றைத் தவிர அத்தனையும் விற்றுப்போயிற்று. தனக்கும் ஒன்று வேண்டும் என்று வரிசைக் கடைசியிலிருந்து கேட்டார் சேறு படிந்த செருப்போடு ஒரு குள்ளமான மனிதர்.

"நீங்க யாரு?" என்றார் யமாந்து.

"லெதெஸ்மா. ஒரு லாரியில ஏறி வந்தேன். அந்தம்மா பேச்சு நடுவுல இருந்தாங்க, அதான் குறுக்கிட வேண்டாம்னு பின்னாடியே நின்னுட்டேன்." அவர் நிபியாவைப் பார்த்து, "உங்களுக்கு அப்புறம் நான் வாசிக்கணுமா? கொஞ்சம் கருணை காட்டுங்க," என்றார்.

அவர் வாசிக்கத் தொடங்கும் முன் ஸுல்மா குறடோடு நிபியாவைப் பின்னறைக்கு இழுத்துப்போனாள். புத்தகக் கட்டுகளுக்கு நடுவே நிற்கவைத்து, சிக்கிய துணியின் நுனியைக் குறடால் பிடித்து மெதுவாக இழுத்தாள். ஜிப் சரசரவென்று இடுப்புவரை இறங்கியது. முதுகில் குளிர்ந்த காற்று பட்டது.

"அப்பாடா," என்றாள் ஸுல்மா. "போய் உன் கறுப்பை எடுத்துட்டு வந்துடறேன், இரு."

நிபியா அசையவில்லை. "மேலே இழு," என்றாள்.

"என்னது?"

"ஜிப்பை மேலே இழுடீ. பாத்து இழு, மறுபடி மாட்டிக்கப் போகுது."

ஸுல்மா பார்த்துப் பார்த்து இழுத்துவிட்டாள். பிறகு பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு, தோளில் ஒரு முத்தம் வைத்து, "சோப்பு நாத்தம் தாங்கலை," என்றாள்.

அவர்கள் பின்னறையிலிருந்து வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் அந்த நாட்டில் ரொட்டி பொரிக்காமல் வேறென்ன செய்வார்கள்? அடுத்த வீட்டுக்காரி எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். கவிஞர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மாவு பொரிகிற மணம் கடைக்குள் வந்துவிட்டது. அவர் இரண்டு கவிதைகளைத் தாவி முடித்தார். எல்லோரும் வாசல் தாழ்வாரத்தில் முட்டி மோதி நின்று, சுடச்சுடப் பொரித்த வட்ட ரொட்டிகளைக் கை மாற்றி மாற்றி வாங்கினார்கள். மேலே தூவிய சர்க்கரை நிபியாவின் பாவாடையெல்லாம் கொட்டியது. கவிஞர் பதினேழாம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, பென்சில் வேண்டும் என்று அவளைக் கேட்டார்.