பிரசவம் பார்த்தவர் பெயர்

“நீ இன்னா, டாக்டரா?” என்று ஆம்பூர்ப் பக்கத்து அரசு மருத்துவமனையில் டாக்டர் அருணகிரி சைராவைக் கேட்டார். பிரசவம் பார்ப்பதற்கென்றே பதினெட்டு மாதம் தனியாகப் படித்துவிட்டு வந்த செவிலி அவள். முதல் பிரசவத்தை முடித்து, பதிவேட்டில் ‘பிரசவம் பார்த்தவர்’ என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதியிருந்தாள். டாக்டர் அதை அடித்துவிட்டு, வழக்கம்போலத் தன் பெயரை எழுதினார். தராசில் கிடந்த குழந்தையின் எடை உடனே பூஜ்ஜியமானது.

இரண்டு வருஷம் அவள் கையில் பிறந்தவை எல்லாம் அப்படித்தான். மூன்றாம் நாள் எடை தானாக வந்துவிடும். அதுவரை, ஷூ கம்பெனியில் வேலை பார்த்த தகப்பன்கள் கொண்டுவந்த தோல் வாரால் குழந்தைகளைத் தொட்டிலோடு கட்டிவைத்தார்கள். “பரவால்ல, தூக்கினா கை வலிக்காது” என்று ஒருவன் சிரித்தான். மாத அறிக்கையில் எல்லாருக்கும் இரண்டரை கிலோ என்று போனது. டாக்டர் விடுப்பிலிருந்த ஒருநாள் மட்டும் வேறு வழியில்லாமல் சைராவின் பெயரே பதிவேட்டில் ஏறியது. அன்றைய குழந்தை மூன்று கிலோ இருந்தது. தலைமைச் செவிலி மோகனா அதைக் கவனித்தாள்.

ஒடுகத்தூர் நந்தினிக்கு ஒரு வெள்ளிக்கிழமை பகலில் வலி கண்டது. டாக்டர் வேலூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், பிறப்பதற்கு முன்பே தன் பெயரை எழுதிவைத்தார். அதனால் அந்தப் பெண் குழந்தை வெளியே வந்ததும் மேலே எழும்பியது. இரண்டு கையாலும் பிடித்த சைராவின் கால்களும் தரையை விட்டன. தொப்புள்கொடி விறைத்தது. இன்னும் ஒரு சாண் போனால் கொடி அறுந்து தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் போகும்.

“எக்கா, எம் புள்ள எங்க போவுது?” என்றாள் நந்தினி.

“எங்கயும் போவாது. நீ மெதுவா மூச்சு வுடும்மா” என்றாள் சைரா, மேலிருந்து.

கிளம்பப் போய் வாசலில் நின்றுவிட்ட டாக்டரிடம் மோகனா பதிவேட்டை நீட்டினாள். “சார், அவ பேர எழுதுங்க.”

“எழுதுனா, டாக்டர் இன்னா பண்ணாருன்னு மெமோ எனக்குத்தான் வரும்.”

“மெமோவ அப்புறம் பாக்கலாம் சார். கொடி அறுந்துடும் போலக்கீது.”

டாக்டர் அண்ணாந்து பார்த்தார். சைராவின் செருப்பு ஒன்று கழன்று அவர் காலடியில் விழுந்தது. அவர் தன் பெயரை அடித்து, அவள் பெயரை எழுதினார். எழுதி முடிப்பதற்குள் சைரா தரையில் நின்றாள். கொடியைக் கட்டி வெட்டிவிட்டு, குழந்தையைத் தராசில் கிடத்தினாள். இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம் என்று மோகனா குறித்துக்கொண்டாள்.

டாக்டர் பேனாவை மூடி, திறந்திருந்த பதிவேட்டின் மேல் சைராவின் பக்கமாக வைத்துவிட்டு வெளியே போனார்.