பூட்டு உடையாத பீரோ

இல்லை, கம்பளிக்குப் பின்னால் சாய்ந்திருக்கும், பீரோவின் உள்மூலை எப்போதும் இருட்டுதான், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தட்டுப்படும் என்று எழிலரசன் மறுபடியும் கையை உள்ளே விட்டுத் துழாவினார். கலைமகளின் கல்யாணப் புடவை தட்டுப்பட்டது, மகள் அகல்யாவின் சான்றிதழ்கள் இருந்த பை தட்டுப்பட்டது, பட்டாளத்திலிருந்து கொண்டு வந்த கம்பளி, அதற்குப் பின்னால் தகரம், குளிர்ந்த வெறும் தகரம். துப்பாக்கி இல்லை. அது என்ன ஊசியா, மோதிரமா, புடவை மடிப்பில் சிக்கிக்கொள்ள... நிமிர்த்தி வைத்தால் நெஞ்சுவரை வரும் இரட்டைக் குழல் துப்பாக்கி, எங்கேயாவது வைத்துவிட்டு மறக்கிற பொருளா அது? நேற்று மத்தியானம் துடைத்தார், குழலுக்கு எண்ணெய் விட்டார், உள்ளே வைத்தார், பூட்டினார். பூட்டினாரா? பூட்டினார், சாவியைக் காலண்டருக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்டினார், இன்றைக்கும் அங்கிருந்துதானே எடுத்துத் திறந்தார். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை, கதவு நெளியவில்லை, புடவைகள் கலையவில்லை. அப்படியென்றால் எடுத்தவன் சாவி இருக்கும் இடம் தெரிந்தவன்... தோட்டா? தோட்டாவைத் துப்பாக்கியோடு சேர்த்து வைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது, அது சமையலறைப் பரணில் பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும், வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது. ஸ்டூலைப் போட்டு ஏறினார். டின் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் தூக்கியதும் கனமே இல்லாமல் கையோடு வந்தது.

ஸ்டூலிலிருந்து இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது, இந்தக் கால்தானே லடாக்கில் பனியில் நின்றது, இப்போது ஒரு ஸ்டூலுக்குச் சுவர் தேடுகிறது. வெளியே தெருவில் நெசவுக்காரர்கள் பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீவிக்கொண்டிருந்தார்கள், எதிர்வீட்டு வேலு யாரையோ விலகிப் போகச் சொல்லிக் கத்துவது கேட்டது, பக்கத்துத் தெரு விசைத்தறி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இவர்களில் ஒருவனா? சேச்சே, வேலுவா, கொலுசுச் சத்தத்துக்கே திரும்பிப் பார்க்காத மனிதர்... ஆனால் எடுத்தவன் இந்தத் தெரு வழியாகத்தானே போயிருக்க வேண்டும், அவ்வளவு நீளப் பொருளை எப்படி மறைத்துக் கொண்டு போனான், யாரும் பார்க்கவில்லையா? கலைமகளுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. அங்கன்வாடியில் பிள்ளைகள் போடுகிற கூச்சலில் அவளுக்கு எங்கே கேட்கப் போகிறது. கேட்டாலும் என்ன சொல்வது, பயந்துவிடுவாள், அவள் ஏற்கெனவே இந்தக் கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாள், சோறு மிச்சம் வைத்தால் பயம், மொட்டை மாடியில் தனியாக நின்றால் பயம், அகல்யாவிடம் வேறு என்னவோ சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பெண் வேலூரில் நர்சிங் படிக்கிற இடத்திலிருந்து போன் போட்டு, "அப்பா, இங்க நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காரு, சும்மா பேசிட்டு வரலாம்பா" என்கிறாள். எனக்கு என்ன, சுகரா, பிரஷரா? வேலை போனவனுக்கெல்லாம் டாக்டரா? வங்கிக் காவல் வேலையிலிருந்து தை மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள், கேமரா போதுமாம், துப்பாக்கிக்காரர் வேண்டாமாம், சால்வை போட்டு அனுப்பினார்கள். அவ்வளவுதானே, அதற்குப் போய்...

சாவி இருக்குமிடம் தெரிந்தவன் என்றால் சடையன். அந்தப் பெயர் வெகு நேரமாக நெஞ்சில் நின்றுகொண்டிருந்தது, அதை உள்ளே விடாமல் இவர்தான் வாசலை மறித்துக்கொண்டிருந்தார். கூடப் பிறந்த தம்பி. படவேட்டில் குத்தகைக்கு வாழை வைத்திருக்கிறான், வரப்பு வழி விஷயமாகப் பக்கத்துக் கொல்லைக்காரனோடு தகராறு, போன ஞாயிற்றுக்கிழமை வந்து இங்கேயே படுத்திருந்தான், சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னான், "அத ஒரு வாட்டி எத்துகினு வந்து தோள்ல போட்டுகினு நடந்தியானா போதும்ண்ணா, அவன் அப்பால வழி பக்கமே வரமாட்டான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இவரும் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாதோ?

"சடையா, எங்க கீற?"

"கொல்லியிலதாண்ணா, வாழைக்குத் தண்ணி வுட்டுகினு கீறேன். இன்னா இந்நேரத்துல?"

"நான் இல்லாதப்ப வந்து பீரோவ தொறந்தியா?"

போனில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் நின்றது. "எதுக்கு கேக்குற? இன்னா காணம்?"

"துப்பாக்கி."

"அதுக்கு எனக்கு போன் போட்றியா நீ?" தம்பியின் குரல் உடைந்தது. "நான் வாய் தவறி பேசினது நெஜம். அதுக்காவ திருடுவனா? எனக்கும் ரெண்டு புள்ள கீதுண்ணா." பிறகு அவனே அடங்கினான். "சரி வுடு, பேஜாராயிருப்ப. நீ தேடிகினு நிக்காத, ஜல்தி ஸ்டேஷன்ல போய் சொல்லு. எவன் கையிலனா போய் எதுனா ஆச்சின்னா உன் பேருதான் வரும். அண்ணி எங்க?"

"வேலைக்குப் போய்கிது."

சடையன் குரலைத் தணித்துக் கேட்டான், "நீ நல்லா கீறியாண்ணா?"

இவன் எதற்கு அதைக் கேட்கிறான்? துப்பாக்கி காணோம் என்றால் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பானா, என்னைப் பற்றிக் கேட்பானா... பதில் சொல்லாமல் போனை வைத்தார், லைசென்சை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், வீட்டைப் பூட்டினார், பூட்டி என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது, இருந்தாலும் இழுத்துப் பார்த்தார். பாவுக்கு ஒதுங்கி ஓரமாக நடந்தார். "சார், டவுனுக்கா?" என்றார் வேலு. "ஆமா" என்றார். நிற்காமல் நடந்தார்.

நடக்க நடக்க மனது பேரம் பேசியது. ஒரு நாள் பொறுத்தால் என்ன, மெதுவாக விசாரித்தால் கிடைத்துவிடாதா, ஸ்டேஷன் என்று போய்விட்டால் பெயர் போகும், இத்தனை வருஷம் சுத்தமாக இருந்த லைசென்ஸ், இவ்வளவு அஜாக்கிரதையா என்று கேட்பார்கள், காலண்டர் ஆணியிலா சாவியை மாட்டி வைத்தாய் என்று கேட்டால் என்ன பதில்... படவேட்டில் சொந்தமாக ஒரு முழம் நிலம் இல்லாத வீட்டுப் பையன் பட்டாளத்துக்குப் போய் ஹவில்தாராகத் திரும்பி, கலெக்டர் ஆபீஸில் கையெழுத்து வாங்கித் துப்பாக்கி வாங்கியபோது, வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமலே ஒதுங்கிப் போனவர்கள் உண்டு, அப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், அப்படி வந்த பொருளைத் தொலைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். பட்டாளத்தில் புதிதாக வந்தவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார், ஆயுதம் காணோம் என்றால் மறைக்காதே, நீயாகத் தேடி நேரத்தைக் கொல்லாதே, அந்த நிமிஷமே மேலே சொல், நம்பரைச் சொல், கடைசியாக எப்போது பார்த்தாய் சொல், தோட்டா எத்தனை சொல், யாருக்கெல்லாம் தெரியும் சொல், வெட்கப்படுகிற ஒவ்வொரு நிமிஷமும் அது இன்னொருத்தன் கைக்குப் போகிற நிமிஷம். இப்போது யார் கையில் இருக்கிறதோ. ஏதாவது குழந்தை விளையாட்டுச் சாமான் என்று எடுத்திருக்குமோ... கண்ணமங்கலம் பக்கம் குடித்துவிட்டு எவனாவது பெண்டாட்டியிடம் சண்டை பிடித்து... வேகமாக நட, எழிலரசா, வேகமாக நட.

அசாமில் இருந்தபோது ஒரு காலையில் கம்பெனியில் ஒரு ரைபிள் குறைந்தது. எல்லாரையும் மைதானத்தில் நிறுத்தினார்கள், யாரும் சாப்பிடவில்லை, கையோடு கை கோத்து வரிசையாகப் போய் வயலில் தேடினோம், ஓடையில் இறங்கிக் காலால் துழாவினோம், சுபேதார் பைத்தியம் பிடித்தவர் போல ரைபிள் நம்பரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வரிசையில் ஒரு பையனும் குறைகிறான் என்பது வெகு நேரம் யாருக்கும் உறைக்கவில்லை. அமைதியான பையன், யாரிடமும் வம்பு கிடையாது, கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்பான். கடைசியில் சமையல் கூடாரத்துக்குப் பின்னால் இருந்த மூங்கில் புதரில் இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன, ரைபிளும் அவனும். துப்பாக்கி எங்கே துப்பாக்கி எங்கே என்று கேட்ட நாங்கள் ஒருவர்கூட... அதை ஏன் இப்போது நினைக்கிறேன், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், அங்கே எடுத்தவன் அவனே, இங்கே எடுத்தவன் எவனோ. மார்க்கெட் தெருவில் வெயில் கொட்டியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மத்தியானத்தில் வீட்டில் வேலை இல்லை, அதனால் துடைக்கிறேன், எண்ணெய் விடாவிட்டால் துரு ஏறும், துடைத்த பிறகு கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன், அதன் கனம் தொடைக்குப் பழக்கம், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? யார் கேட்டார்கள்?

ஸ்டேஷன் படியேறும்போது வாசகத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டார், என் பெயர் எழிலரசன், முன்னாள் ராணுவத்தினன், உரிமம் பெற்ற துப்பாக்கி காணாமல் போய்விட்டது, பூட்டு உடையவில்லை... உள்ளே எஸ்.ஐ. மேசைக்கு முன்னால் பெஞ்சில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அங்கன்வாடிக்குக் கட்டும் புடவை. கலைமகள். அவளை யார் இங்கே... அகல்யாவுக்கு ஏதாவது... என்று இரண்டு எட்டு வைத்தவர் மேசைமேல் பார்த்தார். வீட்டுக் கோரைப்பாய் அவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் அவருடைய துப்பாக்கி. பக்கத்தில் அவளுடைய சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்து வைத்த தோட்டாக்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் பயம் இல்லை, அழுது முடித்த முகம். "நான்தாங்க, நீங்க குளிக்கிறப்ப எத்துகினு வந்தேன்" என்றாள். "சொல்லாம வந்தது தப்புதான். சொன்னா வுட்ருப்பீங்களா?"

"உனக்கு இன்னா பைத்தியமா? ரோட்ல இத எத்துகினு..."

"உக்காருங்க சார்" என்றாள் எஸ்.ஐ. ஜெயப்ரியா. அகல்யாவைவிடச் சில வயது மூத்தவளாக இருப்பாள். "அவங்கள திட்டாதீங்க. லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு, அவங்க தூக்கிட்டு வந்திருக்கக் கூடாது, போன் பண்ணியிருந்தா நாங்களே வந்திருப்போம், அதை அவங்ககிட்ட சொல்லிட்டேன். ஆனா வந்ததுல எனக்கு வருத்தம் இல்ல."

கலைமகள் அவரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினாள். "ஒரு நாளு செல்போன வூட்லயே வுட்டுட்டேன்னு மத்தியானம் திரும்பி வந்தேன். ஜன்னல் வழியா பாத்தேன். மடியில வச்சிகினு உக்காந்துகினு இருந்தீங்க. பேரு சொல்லி கூப்புட்டேன். காதுல வுழல. கதவத் தட்டவே பயமா இருந்திச்சி, சத்தத்துல எதுனா ஆயிடுமோன்னு. அப்டியே செவுத்துல சாஞ்சி நின்னுகினு இருந்தேன், நீங்க எழுந்து அத உள்ள வக்கிற வரைக்கும். அதுக்கப்புறம் தெனமும் வந்து பாத்தேன். எலெக்ஷன் வந்தா துப்பாக்கியெல்லாம் இவங்க வாங்கி வச்சிக்கிறாங்க இல்ல, அதான் இவங்ககிட்ட சொன்னேன், எங்க வூட்டுக்கு இப்ப எலெக்ஷன்னு நெனச்சி வாங்கி வச்சிக்கங்கன்னு."

தினமும் ஜன்னலுக்கு வெளியே நின்றாளா? வெயிலில், பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு ஓடி வந்து, செருப்புச் சத்தம் கேட்காமல்... காவல்காரன் நான், இருபது அடி தூரத்தில் ஆள் நின்றது தெரியாமல் எங்கே இருந்தேன்? கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. துப்பாக்கி கிடைத்துவிட்டது என்று ஒரு நிம்மதி வர வேண்டுமே, அதுவும் அப்படி வரவில்லை. வந்தது வேறு ஒன்று. இது இனி வீட்டுக்குத் திரும்பி வராது, நாளை மத்தியானம் பீரோவைத் திறந்தாலும் இருக்காது என்று எண்ணியபோது தோள்பட்டை தானாகத் தாழ்ந்தது, எத்தனை நாளாக அதைத் தூக்கிப் பிடித்திருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏன்? தொலைத்தவனுக்கு ஏன் இது இவ்வளவு லேசாக இருக்கிறது?

"இங்க பத்திரமா இருக்கும் சார், ரசீது குடுப்போம். மேல எழுத வேண்டியத நாங்க எழுதறோம்" என்றாள் எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்தாள், குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒண்ணு கேக்கணும், தப்பா நெனக்காதீங்க. உங்க வீட்டம்மா பயப்படற மாதிரி எதுனா நெனப்பு இருந்துச்சா உங்களுக்கு?"

அதெல்லாம் ஒன்றுமில்லை. எளிய வாக்கியம், எல்லாருக்கும் சொல்லி வந்த வாக்கியம், மகளுக்கு, தம்பிக்கு, வங்கியில் சால்வை போட்டவர்களுக்கு. அது நுனி நாக்கில்தான் எப்போதும் இருக்கும். வாயைத் திறந்தார். மின்விசிறி சுற்றியது, வாசலில் யாரோ வண்டியை நிறுத்தினார்கள், கலைமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அந்த வாக்கியம் வரவில்லை. அதற்குப் பதிலாக, தன்னுடையது என்று அவருக்கே அடையாளம் தெரியாத சின்னக் குரல் ஒன்று வந்தது.

"தெரியலம்மா."