பிலிம் டப்பாவில் வந்த தளபதி

அற்புதராஜ் டப்பாவின் மூடியைத் திறந்து கவிழ்த்தான். உள்ளங்கையில் வந்து விழுந்தது செத்துப்போன சிலுவைராஜின் தளபதி.

மண்டையோட்டு முகம். வளைந்த கிரீடம். துருப்பிடித்த நிறத்தில் ஒரு வாள். கட்டைவிரல் உயரமே உள்ள ஈயப் பொம்மைதான். ஆனாலும் அதைப் பார்த்ததும் அற்புதராஜுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது இருக்க வேண்டிய இடம் சுவா சூ காங் கல்லறை. அவனே தன் கையால் அதைச் சவப்பெட்டிக்குள் வைத்திருந்தான். இந்த நிமிடம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன அற்புதம், பேயப் பாத்த மாதிரி முழிக்கிறீங்க?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து சிரித்தான் நாகூர் கனி.

ஜாலான் புசாரில் கனியின் வாப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. கடை மாடியில், ஆணி மூட்டைகளுக்கு நடுவே, ஒரு பழைய பிங்பாங் மேசை. அதன்மேல் பச்சைத் துணி விரித்து, தெர்மகோலில் குன்றும் அட்டையில் பாலமும் செய்து வைத்திருந்தார்கள். ஞாயிறு மதியம் ஆனால் அங்கே யுத்தம். பூதம், குதிரை வீரன், எலும்புப் படை எல்லாம் அளவுநாடாவால் அளந்து நகரும். பகடை உருட்டிச் சாகும். இரண்டு பேர் இரண்டு பேராக அணி கட்டி ஆடுவார்கள். ஒரு பக்கம் கனியும் அவனுடைய மச்சான் அஹமது கபீரும். மறுபக்கம் அற்புதராஜும் சிலுவைராஜும். அற்புதராஜிடம் குதிரை வீரர்கள், சிலுவைராஜிடம் எலும்புப் படை.

அந்த சிலுவைராஜ்தான் செப்டம்பர் மாதம் ஃபேரர் பார்க் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

இரண்டு தளபதிப் பொம்மைகளும் ஒரே மாதிரியான கறுப்பு கேமரா பிலிம் டப்பாக்களில், பஞ்சு சுற்றி, அற்புதராஜின் பையில்தான் கிடந்தன. அடக்கத்தன்று காலை ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கீறல் விழுந்த மூடிதான் சிலுவையுடையது என்று அவனுக்கு நினைப்பு. லூர்து மாதா கோவிலில் எல்லாரும் வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளைக் கையுறை போட்டு ஜெபமாலை சுற்றியிருந்த அந்தக் கைகளுக்கு அடியில் டப்பாவைச் செருகினான். சாமியார் பார்த்தால் பொம்மையா வைக்கிறாய் என்று கேட்பாரே என்ற பயத்தில் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்படியானால் மண்ணுக்குள் போனது யாருடைய தளபதி? நீலக் கவசம், வெள்ளைக் குதிரை, அடித்தட்டில் 'அற்புதம்' என்று பொடி எழுத்தில் பெயர். அவனுடையது.

தன்னையேதான் அவன் புதைத்திருந்தான்.

அடக்கம் முடிந்த வாரமே டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம் கப்பல் பட்டறையில் கிரேன் சங்கிலி அறுந்து, அவன் நின்று நகர்ந்த இடத்தில் இரும்புத் தகடு விழுந்ததும் நினைவுக்கு வந்தது. அன்றைக்கெல்லாம் நேரம் சரியில்லை என்று விட்டுவிட்டான். இன்றைக்கு அவை ஒவ்வொன்றும் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்து நின்றன.

"உங்க ஜெனரல் எங்க?" என்றான் கபீர்.

"வீட்ல... வீட்ல விட்டுட்டேன் போல."

"அப்ப முடிஞ்சுது லா! ஜெனரல் மேசையில இல்லன்னா படை பார்ட்னருக்குப் போயிடும். நீங்க போட்ட ரூல்தான்."

பார்ட்னர் நாற்காலியில் உர்சுலா உட்கார்ந்திருந்தாள், சிலுவைராஜின் தங்கை. கருப்புப் பாவாடை, கருப்பு ரவிக்கை, இன்னும் துக்க உடைதான். அந்த எண்பத்தாறாம் வருஷம் கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்திருந்தது. "அண்ணனுக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடுறேன். முடிஞ்சதும் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏத்தணும்" என்று அவளாகவே கேட்டு வந்தாள். ஆட்டம் தெரியாது. சும்மா பகடை உருட்டட்டும், இரண்டு படையையும் நாமே நடத்திக்கொள்ளலாம் என்றுதான் அற்புதராஜ் கணக்குப் போட்டிருந்தான். இப்போது கணக்கு தலைகீழ். செத்தவனின் தளபதிக்குக் கீழே அவனுடைய படை.

தளபதியை வீட்டில் விட்டதாக அவன் சொன்னபோது உர்சுலா சட்டென்று நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். எலும்புத் தளபதியை வாங்கிக் குன்றின்மேல் நிறுத்தினாள். பகடையை எடுத்தாள். உருட்டுவதற்கு முன்னால் மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டினாள்.

சிலுவைராஜ் அப்படித்தான் தட்டுவான்.

ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே ஒரு தினுசாகத்தான் போனது. எலும்புத் தளபதிக்கு ஒரு மந்திர சக்தி உண்டு. பக்கத்தில் விழுந்த வீரனை எழுப்பித் தன் படையில் சேர்த்துக்கொள்ளும். கனியின் பூதம் அற்புதராஜின் குதிரை வீரன் ஒருவனை அடித்தது. உர்சுலா பகடை உருட்டினாள், ஆறு. நீல வீரனை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு எலும்புக்கூட்டை வைத்தான் கபீர். அடுத்து இன்னொருவன். மறுபடியும் ஆறு.

"தங்கச்சி கையில ஏதோ இருக்கு லா! சிலுவை உருட்டுனா ஒண்ணும் ரெண்டும்தான் விழும். இப்படி ஆறு விழுந்து நான் பாத்ததே இல்ல" என்றான் கனி.

"சும்மாதாண்ணே உருட்டுறேன்" என்றாள் உர்சுலா.

அற்புதராஜ் சிரிக்கவில்லை. நீலம் குறைந்துகொண்டே வந்தது, வெள்ளை எலும்பு கூடிக்கொண்டே போனது. தன் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொள்கிறான் சிலுவை. மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் அற்புதராஜின் சட்டை முதுகில் ஒட்டியது.

கடைசிச் சுற்று வந்தபோது நீலத்தில் மிஞ்சியவன் ஒரே ஒருவன், பாலத்து நடுவில் நின்ற கொடிக்காரன். அந்தப் பொம்மைக்கு வண்ணம் பூசியவன் சிலுவைதான். கேலிக்காக அற்புதராஜின் முகத்தையே அதற்கு வைத்திருந்தான். இடது கண்ணுக்குக் கீழே உள்ள மச்சம்கூட அப்படியே இருந்தது.

எதிரே பூதம் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"பாலத்துல யாரு ஆள் ஜாஸ்தியோ அவங்க ஜெயிச்சாங்க" என்றான் கபீர். "உங்க மூவ். ஆனா பாருங்க, உங்களுக்கு ஜெயிக்கிற வழி இருக்கு. சொல்லவா?"

"எதிரிக்கு வழி சொல்றான் பாரு, மடையன்!" என்று மச்சானின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான் கனி.

வழி அற்புதராஜுக்கும் தெரிந்தது. தளபதி இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். பூதம் கொடிக்காரனைக் கொல்லட்டும். தளபதி அவனை எலும்பாக எழுப்பிவிட்டால், ஏற்கனவே அங்கே நிற்கும் எலும்புகளோடு சேர்ந்து பாலம் அவர்களுடையது, ஜெயம் அவர்களுடையது. உர்சுலாவிடம் 'அசையாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த ஒரு வார்த்தையை அவனால் சொல்ல முடியவில்லை. மச்சம் வைத்த அந்த முகம் விழுவதையும், அதே இடத்தில் ஒரு மண்டையோடு எழுந்து நிற்பதையும் அவன் மனம் முன்கூட்டியே பார்த்துவிட்டது. பெட்டிக்குள் ஏற்கனவே ஒன்று போயாயிற்று. இதுவும் போனால் அப்புறம் போக வேண்டியது யார்?

"அற்புதண்ணே, என்ன செய்யட்டும்?" என்றாள் உர்சுலா.

அவன் வாயைத் திறப்பதற்குள் மழை வந்தது. நவம்பர் மழை, கேட்டுக்கொண்டா வரும்? காற்றில் ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. சாரல் மேசைவரை வந்தது. "வாப்பா திட்டுவார், ஆணியெல்லாம் துருப்பிடிச்சுடும்!" என்று கனி பாய்ந்தான். நால்வரும் ஆளுக்கொரு ஜன்னலாக ஓடிக் கொக்கி போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

எலும்புத் தளபதி குன்றின்மேல் இல்லை. பாலத்தில் நின்றது. கொடிக்காரனுக்கு முன்னால், பூதத்துக்கு நேர் எதிரே, வாளை நீட்டிக்கொண்டு நின்றது.

கனி நாடாவை வைத்து அளந்தான். "தூரம் சரிதான். மூவ் செல்லும். ஆனா தங்கச்சி, வேணாம்னா திரும்பி எடுத்துக்குங்க. இவன் செத்தா உங்க எலும்பு எல்லாம் உதிர்ந்துடும்."

உர்சுலா அற்புதராஜைப் பார்த்தாள். அற்புதராஜ் உர்சுலாவைப் பார்த்தான். அவளுடைய நல்ல மனசு, ஒரு பொம்மைக்காக ஆட்டத்தையே விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். கண் கலங்கியது.

"இருக்கட்டும்" என்றான்.

கனி உருட்டினான். பூதம் அடித்தது. எலும்புத் தளபதி சாய்ந்தது. எழுந்து நின்ற எலும்புகள் அத்தனையையும் கபீர் கையால் வழித்து எடுத்தான். பூதத்தோடு கனியின் ஆட்கள் பாலத்தை நிறைத்தார்கள். நடுவில் கொடிக்காரன் மட்டும் ஒற்றையாக, உயிரோடு நின்றான்.

"நாங்க ஜெயிச்சோம். தோத்தவங்கதான் வாங்கணும், ஆனா இன்னைக்குச் சாப்பிட முர்தபா நான்தான் வாங்கித் தரேன்" என்றான் கனி. கடை வேனையும் அவனே எடுத்து வந்து, அற்புதராஜையும் உர்சுலாவையும் கல்லறையில் இறக்கிவிட்டு வாசலில் காத்திருந்தான்.

மழை விட்டிருந்தது. கல்லறை முழுக்க மெழுகுவத்தி. ஈர மண் வாசனையோடு சாமந்தி வாசனையும் கலந்து வந்தது. சிலுவைராஜின் மரச்சிலுவைக்கு முன்னால் உர்சுலா மண்டியிட்டு ஜெபம் சொன்னாள். பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அடக்கத்தன்னைக்கு நீங்க பெட்டிக்குள்ள வச்சத நான் பாத்துட்டேன். ஜெபமாலையச் சரி பண்றப்ப தொறந்தும் பாத்தேன். உங்க பேர் போட்ட குதிரக்காரன்."

அற்புதராஜ் மரச்சிலுவையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மாகிட்ட சொன்னேன். அம்மா அன்னைக்கு ராத்திரிதான் கொஞ்சம் தூங்குனாங்க. எம்புள்ள தனியாப் போகல, கூட்டாளி துணைக்கு ஆள் அனுப்பிருக்கான்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. இன்னைக்கு வீட்ல விட்டுட்டேன்னு சொன்னீங்களே, எனக்குத் தெரியும் நீங்க வெளிய சொல்லிக்க மாட்டீங்கன்னு."

மூடி மாறிப்போன கதையைச் சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அந்த அம்மாவின் தூக்கத்தை நினைத்தான். வாயை மூடிக்கொண்டான்.

"நீ மட்டும் என்ன?" என்றான் குரல் கரகரக்க. "ஜெயிக்கிற ஆட்டத்த எனக்காக விட்டுட்ட. அண்ணன் தளபதிய எடுத்து எனக்கு முன்னாடி நிறுத்தினியே..."

உர்சுலா புருவத்தைச் சுருக்கினாள்.

"நானா? நான் ஜன்னல் கிட்டல்ல இருந்தேன். நீங்கதானே நகத்தினீங்க?"

மெழுகுவத்திச் சுடர் ஒருமுறை படுத்து எழுந்தது. காற்று இல்லை. கனியா, கபீரா என்று கேட்கலாம். ஆனால் ஜெயிக்கும் வழியைச் சொல்ல வந்தவன் கபீர், திரும்பி எடுத்துக்கொள்ளச் சொன்னவன் கனி. எதிரியின் பொம்மையை நகர்த்தினால் ஆட்டமே ரத்து என்பது அவர்கள் போட்ட முதல் சட்டம்.

"ஆமா, நான்தான்" என்றான் அற்புதராஜ். "மறந்துட்டேன்."

ஆட்டம் முடிந்ததும் அண்ணனின் தளபதியைப் போட்டு வைத்திருந்த கறுப்பு டப்பாவை உர்சுலா கைப்பையிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். உங்களுது அங்க இருக்கே."

வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வேனை நோக்கி நடக்கும்போது, நெஞ்சுக்கு நேராக அந்த டப்பாவுக்குள் எதுவோ தட்டியது. பஞ்சு சுற்றிய பொம்மை தட்ட வழியில்லை.

இரண்டே தட்டு.

அற்புதராஜ் பையின்மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டான். பயம் போய்விடவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.