நான்கு செடிகள், ஐம்பது கிராம்

காலையில் படுக்கை விரிப்பு பிசுபிசுத்ததுமே ஃபிலிப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஷ்லொக் வந்துவிட்டது. பாலைவனத்துத் தூசியையும் கடலின் ஈரத்தையும் சேர்த்துச் சுமந்து வரும் தென்கிழக்குக் காற்று. அது வீசினால் மால்ட்டாவின் கல் சுவர்கள் வியர்க்கும், உப்பு ஜாடிக்குள் கட்டிப்படும், கொழுத்த கஞ்சாப் பூக்கள் உள்ளிருந்து அழுகும். போன அக்டோபரில் ஒரே ஒரு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒன்றரைச் செடி சாம்பல் பூத்துப் போனது. மார்ச்சிலேயே கையிருப்பு தீர்ந்து, தம்பி கிரெட்சு கோடை முழுவதும் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தான். கட்டடச் சாரத்திலிருந்து அவன் விழுந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவன் கால்கள் அவனைக் கேட்காமலேயே மடங்கி இறுகும்; இந்தப் பூ ஒன்றுதான் அவற்றைத் தளர்த்தும்.

இந்த வருடம் அவள் பொறுக்கவில்லை. காப்பிக்கு முன்பே மொட்டைமாடிக்கு ஏறி நான்கு செடிகளையும் அடியோடு வெட்டி, மாடியிலேயே இருந்த துணி துவைக்கும் அறைக்குள் இழுத்துப் போட்டாள். கிரெட்சு படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே மேலே வந்து சேர்ந்தான்.

"அக்கா, மத்தியானம் ஆகட்டுமே. வென்சு வயலுக்குப் போயிடுவான்."

"அழுகல் வென்சுகிட்ட நேரம் கேட்டுட்டா வரும்?"

வென்சு பக்கத்து வீட்டுக்காரன். வாசனை பற்றி இரண்டு முறை புகார் கொடுத்தவன்.

காற்று உலர்வாக இருந்தால் இலையோடு கட்டித் தொங்கவிட்டு, காய்ந்த பிறகு நிதானமாகக் கத்தரிக்கலாம். இன்று முடியாது. ஈரத்திலேயே எல்லாவற்றையும் உரித்தாக வேண்டும். முதலில் பெரிய இலைகளைக் கையால் கிள்ளினாள். பிறகு கிளையைத் தலைகீழாகப் பிடித்து, மெல்லச் சுழற்றி, பூவை ஒட்டிய சின்ன இலைகளைக் கத்தரி நுனியால் எடுத்தாள். திருவிழாவுக்கு வண்ணக் காகிதம் நறுக்கிப் பழகிய கை. பத்துப் பூவுக்குள் கத்தரியின் வாய் பிசினில் ஒட்டிக்கொள்ளும். அதை ஆலிவ் எண்ணெய்த் தம்ளரில் போட்டுவிட்டு அங்கே ஊறிக்கொண்டிருக்கும் இன்னொன்றை எடுப்பாள். வாசனை அறையை நிறைத்து, ஜன்னல் இடுக்கு வழியே தெருவுக்கு இறங்கியது.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சார்ஜண்ட் ஷிக்லூனா. ஊருக்குப் புதியவர், முப்பது வயது இருக்கும்.

"அம்மா, ஒரு புகார்..."

"யாருன்னு கேக்கல. மேல வாங்க. படி ஈரமா இருக்கு, பாத்து."

அவர்கள் ஏறி வருவதற்குள் கிரெட்சு பூக்குவியலின் மேல் ஒரு போர்வையை இழுத்துப் போட்டிருந்தான். ஃபிலிப்பா அதை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தாள்.

சார்ஜண்ட் வெட்டுண்ட தண்டுகளை எண்ணினார்.

"நாலு."

"நாலுதான் தம்பி. பள்ளிக்கூடத்துல முந்நூறு பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போடுறவ நான். எண்ணத் தெரியும்."

"காய்ஞ்சா எவ்வளவு வரும்?"

"காய்ஞ்சாத்தானே தெரியும்."

"ஐம்பது கிராமுக்கு மேல வரும்."

"வரும்."

சட்டம் அவளுக்கு மனப்பாடம். வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். வெளியே தெரியக் கூடாது. காய்ந்த பூ ஐம்பது கிராமைத் தாண்டக் கூடாது. நன்றாக வளர்ந்த ஒரு செடியே அதைத் தாண்டும். ஐம்பது கிராம் கிரெட்சுவுக்கு ஏழு வாரம் வரும். அறுவடை வருடத்துக்கு ஒன்று.

"மிச்சத்தை அழிச்சிடணும்மா. பத்து நாள் கழிச்சு தராசோட வருவேன்."

"வாங்க. அந்தத் தராசுல இவன் காலையும் வச்சுப் பாருங்க."

"அக்கா," என்றான் கிரெட்சு.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சீழ்க்கை கேட்டது. ஒன்று தொடங்க, நாலைந்து சேர்ந்துகொண்டன. வென்சுவின் மாடி. ஈரச் சாக்கு போர்த்திய கூண்டுகளில் பதினோரு குருவிகள், சட்டத்தை மீறி வயலில் வலை விரித்துப் பிடித்தவை. மாட்டினால் வலை போகும், துப்பாக்கி உரிமம் போகும், அவன் பெயர் செய்தித்தாளில் வரும். தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை.

"என்ன சத்தம் அது?" என்றார் சார்ஜண்ட்.

கிரெட்சு அக்காவையே பார்த்தான். அவள் கிளையை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"குருவி."

"எங்க?"

"அக்டோபர் தம்பி. ஆப்பிரிக்காவுக்குப் போற குருவி எல்லாம் நம்ம தலைக்கு மேலதான் போகும்."

சார்ஜண்ட் சுவரைப் பார்த்தார். பிறகு மூக்கைத் தேய்த்துக்கொண்டு கீழே இறங்கினார்.

கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை கிரெட்சு காத்திருந்தான். "ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை சொல்லியிருந்தா வென்சு ஜென்மத்துக்கும் வாய் திறந்திருக்கமாட்டான். இந்த ஆளும் அவன் பின்னாடி போயிருப்பான்."

"ஆமா."

"அப்புறம் ஏன் சொல்லல? புண்ணியமா?"

"புண்ணியமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல." அவள் கத்தரியை எண்ணெயில் போட்டாள். "நான் அவனைப் போட்டுக்குடுத்தா அவனும் திருடன், நானும் திருடி, கணக்கு சரியாப்போச்சுன்னு ஆயிடும். நான் திருடி இல்லடா."

"பத்து நாள் கழிச்சு வருவானே."

"வரட்டும். ஒளிக்கமாட்டேன். சாப்பாட்டு மேசை மேல ஜாடியில வைப்பேன், நீ எதிர்ல உக்காந்திரு. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எடுத்துட்டுப் போகட்டும்."

அவன் பூக்குவியலின் பக்கம் நகர்ந்தான். ஒரு தடித்த பூவை எடுத்து நடுவில் பிரித்துப் பார்த்தான். அழுகல் இல்லாமல் சுத்தமாக இருந்தது. தம்ளரிலிருந்து கத்தரியை எடுத்து, எண்ணெயைச் சட்டையில் துடைத்துவிட்டு, தலை குனிந்து கத்தரிக்கத் தொடங்கினான்.

பன்னிரண்டு மணிக்குத் தரையில் முழங்கால் உயரம் இலை சேர்ந்துவிட்டது. ஊரில் செடி வளர்ப்பவர்கள் எல்லோரும் இலையை யாருக்கும் தெரியாமல் கறுப்புப் பையில் கட்டி, கார் டிக்கியில் போட்டுப் போய், பக்கத்து ஊர்க் குப்பையில் எறிவார்கள். இன்று வெள்ளிக்கிழமை. சமையலறைக் கழிவுக்கான வெள்ளைப் பைகளைத் தெரு வாசலில் வைக்கும் நாள். ஃபிலிப்பா மூன்று வெள்ளைப் பைகளில் இலைகளைத் திணித்துக் கட்டினாள். கீழே கொண்டுபோய், பூனைகளுக்கு எட்டாதபடி வாசல் கதவின் கொக்கியில் ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டினாள்.

பைகள் மெல்லியவை. விரிந்த இலைகள் பச்சைக் கைகளாக உள்ளிருந்து அழுத்திக்கொண்டிருந்தன. வயலுக்குக் கிளம்பிய வென்சுவின் வேன் தெருமுனையில் இந்தப் பக்கம் திரும்பியது. தெரு குறுகல். அவள் வாசலை உரசாமல் அதனால் போக முடியாது. ஃபிலிப்பா கைகளை மேலங்கியில் துடைத்தாள். பிசின் போகவில்லை. அவள் உள்ளே போகாமல், பைகளுக்குப் பக்கத்தில் வாசற்படியிலேயே நின்றாள்.