பஞ்சு கடித்த மத்தியானம்

பல் டாக்டர் வாய் ஓயாத பேச்சாளர். இத்தனை வருடங்களில் அவரை மறுத்துப் பேசிய ஆளே கிடையாது. எப்படி மறுப்பார்கள்? எல்லார் வாயிலும் அவருடைய விரல் இருந்தது. அரசியல், பிள்ளை வளர்ப்பு, மழை பெய்யாததன் காரணம் என்று அவர் அள்ளிவிடுவார். நாற்காலியில் சாய்ந்து கிடப்பவர் "ஆ" என்பார். அதை ஆமோதிப்பாகவே எடுத்துக்கொண்டு வந்ததில் அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

கணவன் வீட்டிலிருந்து மகள் ஒரு பையோடு வந்து இறங்கியபோது, என்ன விஷயம் என்று கேட்டார். கேட்டார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

"ஒரு கை தட்டினா ஓசை வராதும்மா. கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போ. உங்கம்மா போகலையா?"

"அப்பா, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலை."

"சொல்லணுமாக்கும்? முகத்தைப் பாத்தா தெரியாதா எனக்கு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலையில், "சாயங்காலம் கிளம்பறேன்ப்பா" என்றாள். தன் அறிவுரை வேலை செய்துவிட்டது என்று டாக்டருக்குப் பரம திருப்தி.

அன்றைக்குப் பார்த்து அவருடைய கடைவாய்ப்பல் கன்னத்தை வீங்க வைத்தது. ஊரையெல்லாம் உடனே வரச் சொல்பவர், தன் பல்லை மட்டும் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தார். அவரிடம் வேலை பார்க்கும் சின்ன டாக்டரம்மாதான் பிடுங்கினாள். ஊசி போடும்போதும் அவர் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், வாயைத் திறக்கச் சொன்னது பேசறதுக்கு இல்ல."

பிடுங்கிய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினாள். "நீங்க எல்லார்கிட்டயும் சொல்ற வசனம்தான் சார். ஒரு மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருக்கணும். பேசினா ரத்தம் நிக்காது." துணைக்கு வந்திருந்த மகளிடம் திரும்பினாள். "அக்கா, நீங்கதான் காவல். பல்லு போனா சொல்லு போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க?"

வீட்டில் ஐஸ் பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். எதிர்க் கட்டிலில் மகள் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் நல்லவர்தான்ப்பா. அடிக்கல, குடிக்கல."

இதற்குத் தோதான பதில் ஒன்று டாக்டரிடம் இருந்தது. நாக்கைப் புரட்டினார். ரத்தம் உப்புக் கரித்தது. பஞ்சை இறுக்கிக் கடித்தார்.

அவள் ஒரு ரவிக்கையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"மூணாம் மாசம் கலைஞ்சு போச்சுப்பா. உங்களுக்குத் தெரியாது. சொல்லத்தான் அன்னிக்கு ஃபோன் பண்ணேன். நீங்க மழையைப் பத்திப் பேசிட்டு வச்சிட்டீங்க."

டாக்டரின் கையிலிருந்து ஐஸ் பை மடியில் விழுந்தது.

"அவர்கிட்ட சொன்னா, 'அடுத்தது பொறக்கும், கவலைப்படாதே'ங்கறார். ஒரே நிமிஷத்துல ஆறுதல் சொல்லி முடிச்சிடறார்ப்பா. நான் அழவே ஆரம்பிக்கலை, அதுக்குள்ள." சற்றுப் பொறுத்து, "உங்கள மாதிரியே" என்றாள்.

அதே ஆறுதல்தான் அவருடைய தொண்டையிலும் தயாராக நின்றது. சொல் மாறாமல் அதேதான். பஞ்சு மட்டும் இல்லாவிட்டால் இந்நேரம் சொல்லி முடித்து, அவளைச் சமாதானப்படுத்திவிட்டதாகப் பெருமையும் பட்டிருப்பார். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துவதும், அந்த மௌனத்துக்குப் பிறகே உண்மையான சங்கதி வெளியே வருவதும் இன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது. அந்த இடைவெளியை எல்லாம் இதுவரை அவரே பேசி அடைத்திருந்தார்.

"பொண்ணுதான்னு நானா நினைச்சுக்கிட்டேன். அம்மா பேரைத்தான் வைக்கணும்னு..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகில் கையை வைத்தார். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஆகையால் கையை எடுக்காமல் இருந்தார்.

வெகுநேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு மணி நேரம் ஆயிடுச்சுப்பா. ரத்தம் நின்னிருக்கும். பஞ்சை எடுத்துட்டுப் பேசுங்க."

ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. அது டாக்டருக்குத் தெரியாதா? தலையை ஆட்டி மறுத்தார். பஞ்சைக் கடித்தபடியே, "அப்புறம்?" என்றார்.

வெளியே வந்தது ஏதோ ஒரு முனகல். வேறு யாருக்கும் புரிந்திருக்காது. அவள் பையைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கி வைத்துவிட்டு, காலை மடித்து உட்கார்ந்தாள்.