வுகாஷின் வீட்டுப் புகை

அந்தக் குளிர்காலத்துக்கு ஒரே அடுப்பு என்று மூன்று பேரும் அக்டோபரிலேயே முடிவு செய்துவிட்டார்கள். மலையேறி மரம் வெட்ட எவர் இடுப்பிலும் தெம்பில்லை. ஆளுக்கோர் அடுப்பை எரித்தால் பிப்ரவரிக்குள் மூவருமே விறைத்துப்போவார்கள். ஆகவே விறகெல்லாம் தெசாங்காவின் கொட்டகையில் சேர்ந்தது. அவளுக்கும் அவள் தம்பி ராதிசாவுக்கும் உள்ளறைகள். பக்கத்து வீட்டு வுகாஷினுக்குச் சமையலறைக் கட்டில்.

எண்பத்தொரு வயது வுகாஷின் தன் விறகைத் தானே வண்டியில் தள்ளிவந்து அடுக்கினார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலா நாள், அவர் குடும்பத்தின் புனிதர் நாள். அன்றைக்கு மெழுகுவர்த்தி அவர் வீட்டில்தான் எரியும்.

தன் புனிதர் நாளுக்கு எந்தக் குடும்பமும் யாரையும் அழைப்பதில்லை. புகைபோக்கியில் புகை தெரிந்தால் ஊர் தானாக வரும். தெரியாவிட்டால் அந்தக் குடும்பம் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். போர்க்காலத்தில்கூட வுகாஷின் வீட்டில் அன்று புகை நின்றதில்லை. "இனிமே நிக்கோலா நாளுக்குத் தெசாங்கா வீட்டுக்குத்தான் வரணுமா, பெரியவரே?" என்று தபால்காரன் கேட்டபோது அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

நாள் நெருங்கிய பிறகுதான் தன் தவறு அவருக்கு உறைத்தது. மொத்த விறகையும் கொடுத்துவிட்டார். அந்த ஒரு நாளுக்கென்று நாலு கட்டை ஒதுக்கவில்லை.

"உங்க விறகுதானே அண்ணே, அள்ளிட்டுப் போங்க," என்றாள் தெசாங்கா.

"குடுத்தது குடுத்ததுதான். எங்க வீட்ல குடுத்ததைத் திரும்பக் கேட்டவன் கிடையாது."

"குளிர்ல விறைச்சுச் செத்தவனும் கிடையாதோ?"

"இருக்கான். அவனும் கேக்கலை."

ராதிசாவுக்குச் சூப் புரையேறியது.

பத்தொன்பதாம் தேதி விடிந்ததும் வுகாஷின் தன் வீட்டுக்குப் போனார். நிலவறையில் அப்பா காலத்துப் பிளம் சாராயப் பீப்பாய் வறண்டு கிடந்தது. கோடரியால் அதைப் பிளந்தார். ஒரு வெட்டுக்கு ஒரு முறை மூச்சு வாங்கிக்கொண்டார். சாராயத்தில் ஊறிய பலகைகள் அடுப்பில் குபீரென்று பற்றின. மெழுகுவர்த்தியை ஏற்றினார். ரொட்டியையும் இனிப்புக் கோதுமையையும் வறுத்த மீனையும் மேஜையில் வைத்தார். பத்து மணிக்கெல்லாம் பலகைகள் தீரும் நிலை. ஒரே ஒரு பலகை மிச்சம். அவர் பார்வை நாற்காலிகளின் மேல் போனது.

அப்போது கதவு தட்டப்பட்டது. தெசாங்காவும் ராதிசாவும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நின்றார்கள். அக்காவின் அக்குளில் இரண்டு கட்டை. தம்பியின் தோளில் ஒரு விறகு மூட்டை.

"இது கொட்டகை விறகு," என்றார் வுகாஷின்.

"கொட்டகைல கிடந்தப்போ மூணு பேருது. நாங்க ரெண்டு பேரும் எங்க பங்குலேர்ந்து எடுத்தோம். விருந்தாளி வெறுங்கையோட வரலாமா? புனிதர் நாள்ல விருந்தாளி கொண்டுவந்ததை வாசல்லயே திருப்பி அனுப்புறது உங்க வீட்டுப் பழக்கமா, சொல்லுங்க. கை வலிக்குது," என்றாள் தெசாங்கா.

வுகாஷின் யோசித்தார். அப்பா அனுப்பியதில்லை. தாத்தாவும் அனுப்பியதில்லை. அவர் வழிவிட்டு நின்றார்.

"உக்காருங்க அண்ணே," என்றான் ராதிசாவ், மீனைப் பிட்டுக்கொண்டே.

"வந்தவங்க இருக்கிற வரைக்கும் வீட்டுக்காரன் நிக்கணும்டா."

"உங்க முட்டிக்குத் தெரியுமா அது?"

"அதுவும் இந்த வீட்டு முட்டிதான்."

புகை கெட்டியாக எழுந்தது. மதியம் தபால்காரன் வந்தான். மேல்தெருவிலிருந்து ஐந்தாறு பேர் வந்தார்கள். மாலை வரை வுகாஷின் நின்றுகொண்டே திராட்சை ரசம் ஊற்றினார். கடைசி ஆள் கிளம்பிய பிறகுதான் மெழுகுவர்த்தியை வழக்கப்படி திராட்சை ரசத்தில் அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஜனவரி இருபது, புனித யோவான் நாள், தெசாங்காவின் குடும்பத்துடையது. அன்று காலை வுகாஷின் சமையலறைக் கட்டிலிலிருந்து சத்தமில்லாமல் எழுந்தார். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு தன் குளிர்ந்த வீட்டுக்கு நடந்தார். பீப்பாயில் மிஞ்சிய அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, தான் குடியிருக்கும் வீட்டின் முன்கதவைத் தட்டினார்.

"யாரது?"

"விருந்தாளி. புகை தெரிஞ்சுது, வந்தேன்."

தெசாங்கா கதவை அகலத் திறந்தாள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்று நிற்க வேண்டியது அவள்.