மாத்திரை அக்காவின் பிஸ்கட் டப்பா

எங்கள் குடியிருப்பில் யார் தும்மினாலும் முதலில் தட்டுவது மாத்திரை அக்காவின் கதவைத்தான். காய்ச்சல் விட்ட மறுநாளே மிச்ச மாத்திரைகளைப் பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்துகிறவள் அவள். அக்கம்பக்கத்து மிச்சமும் அங்கேயே வந்து சேரும். படித்தது தையல் வகுப்பு. பந்தா மட்டும் பெரிய டாக்டர் மாதிரி. நமக்கென்ன, நாமும் வாங்கி விழுங்கியவர்கள்தானே.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீடு வந்தவருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடுவாளா? டப்பாவைத் திறந்தாள். மாடிவீட்டுக்காரியின் பல்வலி மாத்திரையில் கொஞ்சம், எதிர்வீட்டு இருமல் மாத்திரையில் கொஞ்சம். நடுவில், புண்ணைத் துடைத்த கையோடு நலம் விசாரிக்க வந்தவர்களுக்கு டீ வேறு.

கால் தூணாக வீங்கியபிறகுதான் பயம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, சீழைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"என்னம்மா குடுத்தீங்க?"

"எல்லாம் நல்ல மாத்திரைதான் டாக்டர். ஒண்ணு கேக்கலைன்னா இன்னொண்ணு..."

"ஆன்டிபயாடிக்கை அரைகுறையா குடுத்தா கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிடும். இது எங்க வார்டுலயே ஒட்டிக்கிட்டதா இருக்கலாம், தப்பு எங்க பக்கமும் உண்டு. ஆனா நீங்க அதை வீட்டுல வச்சு வளர்த்திருக்கீங்க. உங்க கையில ஏறி அடுத்த வீட்டுக்கும் போகும். இப்ப இதுக்குக் கேக்கக்கூடிய ஊசி மருந்து ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதுவும் கேக்கலைன்னா காலை எடுக்க வேண்டிவரும்."

ஊருக்கே மருந்து சொன்ன அக்கா கைகட்டி நின்று கேட்டுக்கொண்டாள். கண்கொள்ளாக் காட்சி, நமக்குத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவளைப் படியிலேயே மடக்கினாள் மாடிவீட்டுக்காரி.

"அக்கா, சளி. ரெண்டு மாத்திரை குடேன்."

"சளிக்கு எதுக்குடி ஆன்டிபயாடிக்? முடியலைன்னா டாக்டரைப் பாரு."

"தீந்துடுச்சா, இல்ல மனசு வரலையா?"

"என் புருஷன் கால் இருக்குமா போகுமான்னு தெரியல, நான் குடுத்த மாத்திரையாலதான். உனக்கும் அதே வேணுமா?"

டப்பா அன்றைக்கே மருந்துக்கடைக்காரரிடம் போனது. மாடிவீட்டுக்காரி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும், ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டுத்தான் போனாள். கிருமியைவிட வேகமாகப் பரவுவது எங்கள் பேச்சு ஒன்றுதான். பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டு அலமாரிகளிலும் கிடந்த மிச்ச மாத்திரைகள் கமுக்கமாகக் காலியாயின.

அங்கே ஆஸ்பத்திரியில் ஊசி கேட்டது. வீக்கம் மெல்ல வடிந்தது. ஒருநாள் காலை அக்காவின் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்தபடி ஜன்னல்வரை நடந்தார். கீழே சாலையில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"எவன்டா அவன்? இப்படியா திருப்புவான்?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அக்கா மட்டும், "இன்னும் கொஞ்சம் திட்டுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.